பள்ளிப் பிள்ளைகளின் மானம்

பாடசாலையில் ஒரு பிள்ளையைப் பல பிள்ளைகள் கூடி நாள்தோறும் இழிவுபடுத்துவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. பகிடிவதை என்னும் சொல்லில் பகிடியும் உண்டு, வதையும் உண்டு. செய்பவன் முன்பாதியையே அறிவான். படுபவன் பின்பாதியை மட்டுமே அறிவான். அதிபரும் ஆசிரியரும் யார் பக்கத்துச் செய்தியைக் கேட்கிறார்கள் என்பதிலேயே அப்பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

மலையகத்தில் இவ்வதைக்குத் தனியானதொரு முகம் உண்டு. தோட்டத்துச் சிறு பாடசாலையில் ஆரம்ப வகுப்புகளை முடித்த பிள்ளை, மேல்வகுப்புக்காக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய பட்டினங்களிலுள்ள கல்லூரிகளுக்கு வருகிறது. மலைப்பாதையில் நடந்து, பஸ்ஸில் நெருக்குண்டு வந்து சேரும் அப்பிள்ளையின் காதில் 'தோட்டக்காட்டான்' என்ற வசை விழுகிறது. லயத்துப் பிள்ளை என்றும், கொழுந்து பறிப்பவளின் மகன் என்றும், இன்ன சாதி என்றும் பெயர்கள் சூட்டப்படுகின்றன. தேய்ந்த சப்பாத்தும் மங்கிய சீருடையும் நகைப்புக்கு இலக்காகின்றன. இவ்வசையை உரைப்போர் வேற்று மொழியினர் மட்டும் அல்லர். தமிழ்ப் பிள்ளைகளே தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து உரைக்கிறார்கள். பெரியோர் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசக் கேட்டே அவர்கள் இதைக் கற்றார்கள். வடக்கிலும் கொழும்பிலும் வாழும் படித்த தமிழ்க் குடும்பங்களும் இக்குற்றத்திற்குப் புறம்பானவையல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. அந்த அநீதியைத் துடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட இழிவு வகுப்பறையில் இன்னும் உலவுகிறதென்றால், உரிமைப் போராட்டம் முற்றுப்பெற்றதென்று எவ்வாறு கூறுவது?

அவமானப்பட்ட பிள்ளை முதலில் மௌனமாகிறது; பின்னர் வயிற்றுவலி என்கிறது; வாரத்தில் இரண்டு நாள் வராதிருக்கிறது; ஈற்றில் நின்றுவிடுகிறது. வரவு இடாப்பில் 'இடைவிலகல்' என்று பதியப்படுகிறது. காரணத்தைப் பதிவார் இல்லை. 16 வயதுவரை கல்வி கட்டாயமென 2016இலும், 16 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்தலாகாதென 2021இலும் விதிக்கப்பட்டது. ஆயினும் பாடசாலையை விட்ட தோட்டப் பிள்ளைக்குக் கொழும்பு வீடுகளின் சமையற்கட்டும் கடைகளின் எடுபிடி வேலையும் காத்தே இருக்கின்றன. பகிடியால் விரட்டப்படும் ஒவ்வொரு பிள்ளையும் இச்சமூகம் இழக்கும் ஓர் ஆசிரியர், ஒரு தாதி, ஒரு வழக்கறிஞர்.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, எம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமையே சான்று. நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன், சக மாணவரின் துன்புறுத்தல் தாங்காது பாடசாலைக்குச் செல்லாமல் நின்றான். காரணம் கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9ஆம் திகதி இரவு, அவன் வீட்டினுள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுண்டாள். அவன் உயிர் பிழைத்து அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் சித்தியெய்தினான். தமிழக அரசு நியமித்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஆணையம் 2024 ஜூனில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. பாடசாலைப் பெயர்களில் சாதிப் பெயர் நீங்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கட்டலாகாது, பாடசாலை நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளிற் சில. முறையிட்டவனைக் காக்க வழி செய்யாமல் முறைப்பாட்டை மட்டும் கேட்பது, அவனை எதிரியிடம் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பதே நாம் அங்கிருந்து கற்க வேண்டிய முதற் பாடம்.

எமது நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டே 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. ஆனால் அது உயர்கல்வி நிலையங்களை நோக்கி எழுந்த சட்டம். பாடசாலைப் பிள்ளைக்கு அதே 1998ஆம் ஆண்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. அதன் 1929 என்னும் தொலைபேசி எண்ணை எத்தனை தோட்டப் பெற்றோர் அறிவர்?

குற்றம் செய்த மாணவனைப் பிரம்பால் அடித்துத் திருத்திவிடலாம் என்பார் உளர். ஆசிரியர் அறைந்ததனால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதே பிரம்பு போதிக்கும் பாடம். அந்தப் பாடத்தை அந்த மாணவன் முன்னரே நன்கு கற்றிருக்கிறான்! பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாதென 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டதும் இங்கு நினைவு கூரத்தக்கது. கடுங்காயமும் பாலியற் கொடுமையும் பொலிசுக்கு உரியவை. அவற்றைப் பாடசாலையின் நற்பெயருக்காக மறைப்பது பாதகம். ஏனையவற்றைத் தீர்க்கும் கடமை பாடசாலைக்கே உரியது.

அது இயலாத காரியமன்று. நோர்வேயில் 1982இல் மூன்று சிறுவர் உயிர் மாய்த்துக்கொண்டதை அடுத்து, மறு ஆண்டு நாடளாவிய இயக்கம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் டான் ஒல்வியூஸ் பேர்கன் நகரின் 42 பாடசாலைகளில் அதன் பலனை ஆராய்ந்தபோது, இரண்டாண்டுகளில் இக்கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மாணவரிடம் பெயர் கேளாமல் உண்மை நிலையை வினவுதல், இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை, வகுப்புதோறும் தெளிவான விதிகள், இரு தரப்புப் பெற்றோருடனும் பேச்சு என்பவையே அவர் கைக்கொண்ட வழிகள். இவற்றுள் பெரும்பணம் வேண்டுவது எது?

எனவே நாம் கோருவன இவை. ஒவ்வொரு கல்லூரியிலும் முறைப்பாடு கேட்பதற்கென ஆசிரியர் ஒருவரும் ஆசிரியை ஒருவரும் குறிக்கப்பட வேண்டும். முறைப்பாடு எழுத்தில் பதியப்பட வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயர் வெளிவரலாகாது. ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் சென்று காரணம் அறிய வேண்டும். பெற்றோர் கூட்டம் விடுமுறை நாளில் நடைபெற வேண்டும். கல்லூரிக்கு வந்து முறையிடுவதற்கு ஒரு தாய் தன் நாட்கூலியை இழக்க வேண்டுமென்றால் அவள் எப்படி வருவாள்? தோட்டத் தலைவர்கள் சம்பளப் பிரச்சினைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளை அழுது வந்தால் "நீயும் திருப்பி அடி" என்று அனுப்பாதீர்கள், உட்கார்த்திக் கேளுங்கள். உங்கள் பிள்ளையே பிறரை வருத்துகிறான் என்ற செய்தி வந்தால் ஆசிரியருடன் சண்டைக்குப் போகாதீர்கள், அதையும் கேளுங்கள். சாதியையும் லயத்தையும் சொல்லி ஒருவரை இகழும் பேச்சு இன்றிரவே உங்கள் வீட்டில் நிற்கட்டும். துரைமார் முன்னும் அதிகாரிகள் முன்னும் தலைநிமிர்ந்து நின்று மானம் கேட்ட மக்கள் நாம். எம் பிள்ளைகள் வகுப்பறையில் தலைகுனிந்து இருப்பதைச் சகித்திருக்கலாமா?