சேர்விலக்கம் சாவி ஆகாது



போன கிழமை நெல்லியடிச் சந்தியில் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயைக் கண்டேன். "சேர், மகளின்ர கணிதப் புள்ளி எனக்கு முதல் பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிட்டுது" என்று கண் கலங்கினா. பிள்ளை போகும் ரியூசனில் புள்ளிகளைப் போனில் பார்க்க ஒரு செயலி செய்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் சேர்விலக்கத்தை அடித்தாலே புள்ளி வருகிறது. கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்த பிள்ளையின் புள்ளியும் வருகிறது.

செயலி செய்த தம்பியிடம் கேட்டேன். "மார்க்ஸ் தானே சேர், காசில்லையே" என்றார். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காசைவிட அது பெரிது, தம்பி.

சேர்விலக்கம் யாருடைய புள்ளி என்று மட்டுமே சொல்லும். கேட்பவர் யார் என்று சொல்லாது. அதற்குத்தான் கடவுச்சொல்.

"அப்ப பெற்றோரின்ர அடையாள அட்டை இலக்கத்தைப் பாஸ்வேர்ட் ஆக்குவம்" என்றார். அதுவும் சரிவராது. 12 இலக்க அட்டையில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதி தெரிந்தவருக்கு 7 இலக்கம் கையில். முழு இலக்கமும் எத்தனை போட்டோக்கொப்பிகளில் கிடக்கிறது!

செயலியில் லொகின் பக்கம் மட்டும் வைப்பதும் போதாது. அது வாசலில் படலை போட்டுவிட்டு வேலியைத் திறந்து விடுவது மாதிரி. செயலி கேட்கும் ஒவ்வொரு முறையும் கேட்பவர் யார் என்பதைச் சேவர் சரிபார்த்து, அவருடைய பிள்ளையின் புள்ளியை மட்டும் கொடுக்க வேண்டும். கடவுச்சொல் எச்ரிரிபிஎஸ் வழியாக மட்டுமே போக வேண்டும். இல்லாவிட்டால் இடையில் வாசிக்கலாம்.

"பெற்றோர் மறந்து போவினம் சேர்" என்றார். மறந்தால் புதிதாக ஒன்று கொடுக்கலாம். வெளியே போன புள்ளியைத் திருப்பி எடுக்க ஏலாது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவரின் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது எங்களிடம் தந்த அமானிதம்.

ரியூசன் நடத்தும் சகோதரர்களே, பூட்டுப் போடும்வரை புள்ளியைப் பிள்ளையின் கையில் தாளிலேயே கொடுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் செயலியில் அடுத்த இலக்கம் திறக்கிறதா என்று நிர்வாகத்திடம் இன்றே கேளுங்கள்.