சாவிக்கொத்து எங்கே?

சென்ற வாரம் என் நாத்தனார் அழாத குறையாக டெலிபோனில் கூப்பிட்டாள். "அண்ணி, கம்ப்யூட்டர் போச்சு! கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுத்து ஓடி, 'கெர்னல் பேனிக்' என்று நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம், ரிப்பேர்காரர் சொல்கிறார். அம்மாவின் போட்டோக்கள் அதில்தானே இருக்கின்றன!"

என் மாமியார் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

"கடைசி வரிகளைப் படி" என்றேன். "ரூட் எஃப்.எஸ்.ஸை மவுண்ட் செய்ய முடியவில்லை" என்று இருந்தது. முதல் நாள்தான் அப்டேட் செய்தாளாம். விஷயம் புரிந்துவிட்டது.

அவளுடையது லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு. 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல்தான் லினக்ஸுக்கு உயிர். கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. அது எழுந்ததும் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். அதற்கான சாவிக்கொத்து, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு மூட்டை. 'பூட்' பகுதியில் இடமில்லாதபோது புதுக் கெர்னல் வந்தால், மூட்டை தயாராகாமல் போகலாம். சாவியில்லாத புது மருமகள் உக்கிராண அறை வாசலில் திகைத்து நிற்பாள். உள்ளே அரிசியும் உளுந்தும் பத்திரமாகவே இருக்கும்!

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். மிஷினை அணைத்து மறுபடி போடுங்கள். பழைய மிஷினானால் 'ஷிஃப்ட்' சாவியை அழுத்தியபடி இருங்கள். புதியதானால் 'எஸ்கேப்'பைத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய், குறைந்த எண்ணுள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். சாவி வைத்திருக்கும் மூத்த மருமகள் அவள்தான்!

திறந்ததும் முதல் காரியம், கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுப்பது. பிறகு 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளையால் வேண்டாத கெர்னல்களை நீக்கி இடம் செய்யுங்கள். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையால் புதுக் கெர்னலுக்கு மூட்டை கட்டி, 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் தீர்ந்தது.

பழைய கெர்னலும் எழவில்லையா? கோளாறு வேறாக இருக்கலாம். அப்போதும் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை எழுப்பிக் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே அழிக்கச் சம்மதியுங்கள்.

அன்று மாலையே நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். "அம்மா சிரிக்கிறாள், அண்ணி!" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை.