தோல்முட்டை



சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு. காலைப் பூசை முடித்து அறைவீட்டுக்குத் திரும்பியபோது, தாழ்வாரத்தில் ஓர் அம்மா கையில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். கோயில் மதிலை அடுத்த வீடு அவருடையது. கணவர் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இரு பேரப்பிள்ளைகளையும் ஆறு கோழிகளையும் வைத்துக்கொண்டு, முட்டை விற்ற காசில் பிள்ளைகளின் சில்லறைச் செலவுகளைச் சமாளித்து வருபவர்.

வாளியைத் திறந்து காட்டினார். தவிட்டின்மேல் ஒரு முட்டை கிடந்தது. அதற்கு ஓடு இல்லை. விரலால் தொட்டால் குழியும், நனைந்த தோல்போன்ற வெண்சவ்வு மட்டுமே இருந்தது.

"மூன்று நாளாக இப்படித்தான் சாமி. கண்ணேறு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு செபம் சொல்லித் தீர்த்தம் கொடுத்தால் தேவலை."

செபம் சொன்னேன், தீர்த்தமும் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காத யோசனை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன்: "அம்மா, கோழிக்கு வயதாகியிருக்கும். விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்." கோழிக்கு வயது ஒன்றரைதான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை வாளியில் முட்டை இல்லை. கூடையில் கோழியே இருந்தது. கால்கள் இரண்டும் ஒருபக்கமாகச் சரிந்து, எழுந்து நிற்க இயலாமல் கிடந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு மனம் உறுத்தியது. அவரையும் கோழியையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் கோழியின் மார்பெலும்பை விரலால் நீவிப் பார்த்தார். அது அலைபோல் வளைந்திருந்தது. "என்ன தீனி போடுகிறீர்கள்?" என்று கேட்டார். "சோறு, தவிடு, நொய்யரிசி" என்றார் அந்த அம்மா. "அப்படியானால் இக்கோழி இத்தனை நாள் தன் எலும்பைக் கரைத்துத்தான் உங்களுக்கு முட்டை கொடுத்திருக்கிறது" என்றார் மருத்துவர்.

அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. பிறகு படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றைச் சொல்லுகிறேன். நம் வட்டங்களில் கொல்லைப்புறக் கோழி வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டல்லவா?

முட்டையோடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பே. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்கும் சற்று மேல். நடுத்தர முட்டையொன்றின் ஓடு ஐந்து கிராம் எடை இருக்கும். அதில் கால்சியம் என்னும் சத்து சுமார் இரண்டு கிராம். இனி, தீனிப்பக்கம் கணக்குப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் உள்ள கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். கோழி நாள்தோறும் 100 கிராம் அரிசி தின்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு முட்டையின் ஓட்டுக்கு வேண்டியதைச் சேர்க்க 200 நாள் ஆகும்! அதுவும் தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டினால்தான். உண்மையில் ஒட்டுவது ஏறக்குறையப் பாதியே. தானியங்களில் கேழ்வரகு இதில் சிறந்தது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. அதுவும் போதாது. தவிடோ நிலைமையை மோசமாக்கும்; அதில் மிகுந்துள்ள ஒருவகைப் பாஸ்பரஸ் சத்து, இருக்கும் கொஞ்ச சுண்ணாம்பையும் கட்டிப்போட்டு எச்சத்தோடு வெளியேற்றிவிடும். ஆகவே எந்தத் தானியத்தை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஓடு கெட்டிப்படாது. சுண்ணாம்பைச் சுண்ணாம்பாகவே கொடுத்தாக வேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? கோழி உடனே முட்டையை நிறுத்துவதில்லை. முட்டையிடும் பருவம் வருமுன்பே பெட்டைக்கோழி தன் கால் எலும்புகளின் உட்குழிவில் சுண்ணாம்பைச் சேமித்து வைத்துக்கொள்ளும். இது பறவைகளுக்கென்றே அமைந்த ஏற்பாடு. தீனியில் குறைந்தால் அந்தச் சேமிப்பில் கை வைக்கும். அதுவும் தீர்ந்தால் உடலைத் தாங்கும் எலும்பிலேயே கை வைக்கும். கோழியின் உடம்பு முழுவதிலும் உள்ள கால்சியமே சுமார் 20 கிராம்தான். ஒரு முட்டைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறதென்றால், எத்தனை நாளைக்குத் தாங்கும்?

1799ஆம் ஆண்டில் வோக்லேன் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் ஒரு கோழியை அடைத்து வைத்து, ஓட்ஸ் தானியத்தை மட்டும் நிறுத்துப் போட்டு, முட்டையோட்டிலும் எச்சத்திலும் வந்த சுண்ணாம்பை நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தது. அவருக்கு அது பெரும் புதிராயிற்று. அந்தக் கோழியும் எலும்பைத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எங்கள் பாட்டி காலத்தில் யார் கோழிக்குச் சுண்ணாம்பு கொடுத்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் மருத்துவரிடம் அதையே கேட்டேன். பாட்டியின் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சுகளோடு திரியும். அந்த ஓய்வில் எலும்பு தேறிவிடும். ஆண்டு முழுவதுக்கும் ஐம்பது அறுபது முட்டை. அதுவும் குப்பைமேட்டைக் கிளறி நத்தையோடும் பூச்சியும் பொறுக்கித் தின்னும். இந்த அம்மா வளர்த்ததோ ஐதராபாத்திலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா இனம். அடைக்கு உட்காராமல் ஆண்டுக்கு நூற்றைம்பதுக்கு மேல் இடக்கூடியது. முட்டை மட்டும் புதிய கணக்கு, தீனி மட்டும் பழைய கணக்கு! போதாக்குறைக்கு இந்தப் பக்கத்துச் செம்மண்ணிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது. அந்த வீட்டுக் கோழிகள் மாலை வேளைகளில் கோயில் மதிலின் அடிப்பகுதியைக் கொத்திக்கொண்டே இருக்கும். வெள்ளையடித்த சுவர் பாழாகிறதே என்று நானே பலமுறை விரட்டியிருக்கிறேன். சுவரில் இருந்ததோ கிளிஞ்சல் சுண்ணாம்பு. உடம்பில் சுண்ணாம்பு குறைந்த கோழி அதைத் தானே தேடித் தின்னும் என்பது ஆய்வாளர் சோதித்துக் கண்ட உண்மை. அதற்கென்றே தனிப் பசி உண்டு. அதற்கு முந்திய ஆண்டுத் திருவிழாவுக்கு நாங்கள் மதிலுக்குச் சுண்ணாம்பை விட்டுப் பெயிண்ட் அடித்தோம். பார்க்க அழகாக இருக்கிறது. கோழிக்குத்தான் ஒன்றும் இல்லை. தோல்முட்டைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோழி எனக்குச் சொன்னதை நான் கம்பெடுத்து விரட்டினேன் என்பது மெய்.

சரி, என்ன செய்வது? கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்வருகிறவர்கள் கிளிஞ்சல் கொண்டுவரலாம். கடல்நீரின் உப்பு ஓட்டைக் கெடுக்கும். ஆகையால் நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து அலசி, வெயிலில் காயவைத்து, உரலில் இடியுங்கள். மாவாக்கிவிடாதீர்கள். நொய்யரிசி அளவிலிருந்து உடைத்த துவரை அளவுவரை இருக்கட்டும். காரணம் உண்டு. ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில், கோழி கூட்டில் தூங்கும்போது நடக்கிறது. மாவு விரைவில் குடலைக் கடந்துவிடும். குருணையோ அரைவைப்பையில் தங்கி, விடியும்வரை சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். அதனால் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு வைப்பதே நல்லது. நாமக்கல் பண்ணைக்காரர்கள் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணை கலப்பதும் இதை அறிந்துதான். அந்தக் குருணை கோழித் தீவனக் கடைகளிலும் கிடைக்கும். நமக்கு அருகில் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்த காலத்தில் படிந்ததுதான். சிப்பிகள் கல்லாகி அதில் பதிந்திருப்பதை இன்றும் காணலாம்.

கோழி ஒன்றுக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். தீனியில் கலக்காமல் கொட்டாங்கச்சியில் தனியே வையுங்கள். வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். முட்டையிடும் பருவம் வராத கோழிக்குச் சுண்ணாம்பு மிகுந்தால் சிறுநீரகம் கெடும். வீட்டில் உடைத்த முட்டையோடுகளையும் வீணாக்க வேண்டா. வெந்நீரில் கொதிக்கவிட்டு, காயவைத்து, ஓடென்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுக்கலாம். அப்படியே வீசினால் கோழி தன் முட்டையையே குத்திக் குடிக்கப் பழகிவிடும்.

ஒருவர் என்னிடம், "நம் அனல்மின் நிலையச் சாம்பலில்தான் சுண்ணாம்பு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" என்று கேட்டார். வேண்டாம். அதில் சுண்ணாம்போடு கூடாத உலோகங்களும் கலந்திருக்கும்; முட்டை வழியாக அவை நம் பிள்ளைகளுக்கு வந்து சேரலாம். நீற்றாத சுண்ணாம்பும் கூடாது, வாயையும் குடலையும் பொசுக்கிவிடும்.

கத்திரி வெயிலில் மட்டும், எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஓடு மெலியும். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைக்கிறது. அவ்விளைப்பில் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறிவிடுவதால், ஓட்டுக்கு வேண்டிய பொருள் இரத்தத்தில் குறைந்துபோகிறது. மரநிழலும் மண்சட்டியில் குளிர்ந்த நீரும் வையுங்கள். தீனியை விடியற்காலையிலும் அந்தியிலும் போடுங்கள். கன்னிக்கோழியின் முதல் முட்டை தோலாக வந்தால் கவலை வேண்டாம். ஆனால் பல கோழிகள் ஒரே நேரத்தில் தோல்முட்டையிட்டு, மூச்சிரைப்பும் வெள்ளைக்கழிச்சலும் சேர்ந்து கண்டால், அது நோய். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைக்கு ஓடு இன்னும் முக்கியம். இருபத்தொரு நாள் உள்ளே வளரும் குஞ்சு, தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பங்கை அந்த ஓட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கூழ்முட்டையாயிற்று என்று சேவலைக் குறை சொல்லுமுன் ஓட்டையும் தடவிப் பாருங்கள்.

கூடையில் வந்த கோழி பிழைக்கவில்லை. மற்ற ஐந்துக்கும் அன்று மாலையே கிளிஞ்சல் வைத்தார் அந்த அம்மா. கொட்டாங்கச்சியைச் சுற்றி அவை முண்டியடித்ததைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சில நாள்களில் ஓடு தேறிவிட்டது. உயிர்ப்புப் பெருவிழா அன்று அரை டசன் முட்டை கொண்டுவந்து, ஒன்றை என் மேசைமீது தட்டிக் காட்டினார். இரண்டாம் தட்டில்தான் உடைந்தது.

அடுத்த திருவிழாவுக்கு மதிலுக்கு என்ன பூச்சு என்று பங்குப் பேரவையில் பேச்சு நடக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுப் பக்கம் மட்டும், அடியிலிருந்து இரண்டு முழம் கிளிஞ்சல் சுண்ணாம்பே அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். பொருளாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.