போர்டு பொய் சொல்லாது, நாமதான் சொல்றோம்

கண்காட்சிக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணி. நானோ போர்டை லினக்ஸ் லேப்டாப்புல செருகினோம். போர்டுல விளக்கு எரியுது. ஆனா மென்பொருள்ல போர்ட் பட்டியல் காலி. "விண்டோஸ்ல போட்டுக்கலாம் மச்சி"ன்னான் ஒருத்தன். "சூடோ போட்டு ஓட்டுடா"ன்னான் இன்னொருத்தன். மூணாவது ஆள், போர்டு செத்துப்போச்சுன்னு இரங்கலே தெரிவிச்சுட்டான். திரையில என்ன வந்திருக்குன்னு மட்டும் யாரும் படிக்கல. நானும்தான்.

ப்ராஜெக்ட் தலைப்பைச் சொன்னா இந்தக் கட்டுரையோட காரணம் புரியும்: "கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கண்டறியும் கருவி". 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம்தான் மரக்காணத்துலயும் செங்கல்பட்டு பக்கத்துலயும் இதே மாதிரி 20க்கும் மேற்பட்ட உயிர் போயிருந்தது. நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு நாமளே ஏதாவது செய்யணும்னு ஆரம்பிச்சோம். எண்ணம் நல்லதுதான். செஞ்ச விதத்துலதான் தப்பு.

முதல்ல அந்த ராத்திரிக் கதையை முடிச்சுடறேன். லினக்ஸ்ல போர்டு வேலை செய்யலன்னா, கம்ப்யூட்டர் வரிசையா நாலு கேள்விக்குப் பதில் சொல்லும். நாம கேக்கறதுதான் இல்ல.

ஒண்ணு, போர்டு கண்ணுக்குத் தெரியுதா? யுஎஸ்பி பட்டியலைக் காட்டுற கட்டளையைக் கொடுங்க. அதுலயே இல்லன்னா பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சார்ஜ் போட மட்டும் செஞ்ச கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது. விளக்கு எரியும், பேச்சு வராது.

ரெண்டு, பட்டியல்ல இருக்கு, ஆனா போர்ட் வரலையா? கெர்னல் செய்திகளைப் பாருங்க. எங்களுக்கு இதுதான் நடந்தது. விலை குறைஞ்ச நானோ போர்டுகள்ல சிஎச்340ன்னு ஒரு சிப் இருக்கும். அதுக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, தனியா எதுவும் போட வேணாம். ஆனா உபுண்டு 22.04ல பார்வையற்றவங்க பயன்படுத்துற பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய்ங்கிற மென்பொருள், இந்தச் சிப்பைத் தன்னோட கருவின்னு நினைச்சுப் பிடிச்சுக்கும். போர்ட் இணைஞ்சது, உடனே துண்டிச்சதுன்னு ரெண்டு வரி அங்க தெளிவா இருந்தது. அந்த மென்பொருளை நீக்கினா சரியாயிடும். ஆனா லேப் கம்ப்யூட்டர்னா ஒரு நிமிஷம் யோசிங்க. பார்வையற்ற நண்பர் யாராவது அதைப் பயன்படுத்தினா, மொத்தமா நீக்காம அந்தச் சிப்புக்கான ஒரு விதியை மட்டும் முடக்கலாம்.

மூணு, "பெர்மிஷன் டினைட்" வருதா? உபுண்டு, டெபியன்ல சீரியல் போர்ட்டைத் தொட "டயல்அவுட்" குழுவுல நீங்க இருக்கணும். ஒரு தடவை உங்க பயனர் பெயரை அதுல சேர்த்து, லாக்அவுட் பண்ணித் திரும்ப வந்தா போதும். நாம செய்யறது என்ன? எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கற 777 கட்டளை. கேபிளைப் பிடுங்கிச் செருகினா அந்த அனுமதி போயிடும். மறுநாளும் அதே கூத்து.

நாலு, போர்ட் இருக்கு, ப்ரோக்ராம் ஏறலையா? "நாட் இன் சிங்க்"னு பத்து தடவை முயற்சி பண்ணி விட்டுடும். நாம எதிர்பார்த்த மாதிரி போர்டு பதில் சொல்லலன்னு அர்த்தம். போர்டு தேர்வு தப்பா இருக்கலாம். பழைய பூட்லோடர் இருக்கற நானோ 57600 வேகத்துல பேசும், புதுசு 115200ல பேசும். பூஜ்யம், ஒண்ணு பின்கள்ல சென்சார் வயர் மாட்டியிருந்தாலும் பேச்சு கெடும்.

இதுல எதுவும் பெரிய வித்தை இல்ல. 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல எங்க அண்ணனுக்குக் கிடைச்ச லேப்டாப்புல சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் இருந்தது. வீட்டுல ஒருத்தரும் அதைத் திறந்துகூடப் பாக்கல. லினக்ஸ் கஷ்டம்கிற பயம் அங்கிருந்தே வருது. என் கருத்து, லினக்ஸ் கஷ்டம் இல்ல. அது எங்க தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது, அதைக் கேக்கத்தான் நமக்குப் பொறுமை இல்ல.

அந்தப் பொறுமையின்மையோட விலை மறுநாள் தெரிஞ்சது.

கண்காட்சிக்கு வந்த ஒரு அக்கா எங்க மேஜை முன்னால நின்னாங்க. கருணாபுரம் பக்கம்தான் வீடுன்னாங்க. எங்க விளக்கம் முழுக்க கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி: "தம்பி, இது நல்லதுன்னு காட்டினா, நம்பிக் குடிக்கலாமா?"

எனக்கு வாய் வரல. ஏன்னா உண்மை இதுதான். நாங்க மாட்டியிருந்தது எம்க்யூ-3 சென்சார். உள்ள இருக்கறது டின் டையாக்சைடு. ஆல்கஹால் ஆவி பட்டா அதோட மின்தடை குறையும். அது எத்தனாலா மெத்தனாலான்னு பிரிச்சுச் சொல்ல அதுக்குத் தெரியாது. போர்டு கொடுக்கறது பூஜ்யத்துலேர்ந்து 1023 வரைக்கும் ஒரு எண். நாங்க நடுவுல ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ வந்தா "பாதுகாப்பானது"ன்னு எழுதியிருந்தோம். சென்சாரோட பவர் வயர் கழண்டாகூட எண் கீழ வந்து, திரை "பாதுகாப்பானது"ன்னு காட்டியிருக்கும்.

மெத்தனால் குடிச்ச உடனே காட்டிக்கொடுக்காது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாவும் மாத்தும். அது கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு ஓடற ஒருத்தரை, "மெஷின் நல்லதுன்னு சொல்லுச்சே"ன்னு எங்க கருவி வீட்டுலயே உக்கார வெச்சிருந்தா?

"ஒரு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இவ்ளோ சீரியஸா?"ன்னு கேப்பீங்க. தலைப்புல மெத்தனால்னு எழுதின நிமிஷமே அது மார்க் விவகாரம் மட்டும் இல்லன்னு நான் நினைக்கறேன். முடியாததும் இல்ல. 2019ல சுவிட்சர்லாந்தின் ஜூரிக் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையடக்கக் கருவியிலேயே மெத்தனாலைப் பிரிச்சுக் காட்டினாங்க. அவங்க சென்சாரும் டின் டையாக்சைடு வகைதான், கூடக் கொஞ்சம் பல்லேடியம். ஆனா அதுக்கு முன்னால ஒரு சின்னக் குழாயில உறிஞ்சும் பொருள் வெச்சாங்க. மெத்தனால் முதல்ல வெளிய வரும், எத்தனால் தாமதமா வரும். தன் சென்சாரால எது முடியாதுன்னு ஒத்துக்கிட்டவங்கதான் அந்தக் குழாயை யோசிக்க முடியும். 777 போட்டுத் தப்பிச்சுப் பழகின கைக்கு அந்த யோசனை வராது.

அதனால நான் கேக்கறது மூணு. லேப் ரெக்கார்டுல வெளியீட்டோட சேர்த்து வந்த பிழைச் செய்தியையும், அதுக்குக் கண்டுபிடிச்ச காரணத்தையும் எழுத வைக்கட்டும், அதுக்கு மார்க் கொடுக்கட்டும். ப்ராஜெக்ட் அறிக்கையில "வெற்றிகரமாகச் செயல்படுத்தப்பட்டது"க்குப் பக்கத்துல, "எது வேலை செய்யவில்லை"ன்னு ஒரு அத்தியாயம் வரட்டும். உயிர் சம்பந்தப்பட்ட எந்தக் கருவியிலும் ஆமா, இல்லைன்னு ரெண்டோட நிக்காம, "தெரியவில்லை"ன்னு மூணாவது பதில் இருக்கட்டும்.

அந்த அக்காகிட்ட கடைசியில "இல்லக்கா, இதை நம்பக் கூடாது. யாராவது குடிச்சுட்டா கண்ணு மங்கற வரைக்கும் காத்திருக்காம உடனே ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னு சொன்னேன். அவங்க தலையாட்டிட்டு, "இதை முதல்லயே எழுதி வெச்சிருக்கலாமேப்பா"ன்னாங்க.

மத்தியானமே கோடை மாத்தினோம். இப்ப திரையில வர்றது: "ஆல்கஹால் ஆவி அளவு மட்டும். மெத்தனால் உள்ளதா என்பது இதற்குத் தெரியாது." பரிசு கிடைக்கல. ஆனா அந்த மூணு மாசத்துல எங்க போர்டு வழியா நாங்க சொன்ன முதல் உண்மை அதுதான்.