நாலு பேரும் நாலு எண்களும்

வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் மார்வலி கண்டால் நாம் என்ன செய்கிறோம்? அண்டை வீட்டாரை எழுப்புகிறோம், வண்டி தேடுகிறோம், வைத்தியரிடம் ஓடுகிறோம். ஆனால், அதே வீட்டில் ஒருவர் உயிரை வெறுத்துப் பேசத் தொடங்கினாலோ, ஒரு பெண் அடிபட்டு அழுதாலோ, ஜன்னலைச் சாத்திவிட்டு, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்கிறோம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை வெறுத்தவர்கள் தம்மிடம் வந்து பேசலாம் என்று 1953-ஆம் ஆண்டில் அறிவித்து, தமது தேவாலயத்தில் டெலிபோன் ஒன்றையும் ஏற்படுத்தினார். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் சொன்னதையெல்லாம் பொறுமையுடன் கேட்டார்கள். அதன் பிறகு பலருக்குப் பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று! மறு ஆண்டே அவர் அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். நம் சென்னையிலும் இத்தகைய பணிக்காக 'ஸ்நேகா' என்னும் ஸ்தாபனம் 1986-ல் தோன்றியது.

பொறுமையாகக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. உபதேசம் வேண்டாம், தனியே விட வேண்டாம், மருந்து, விஷம் முதலியவற்றைக் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால், வைத்தியம் தன் வேலையைச் செய்யும்.

போலீஸ் வழக்கு வருமே என்று அஞ்சுவோர் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சை அளிப்பது சர்க்காரின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. முயன்றவரைத் தண்டித்து வந்த பழைய 309-வது பிரிவும் 2024-ல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம் பெறவில்லை. ஆகவே, அச்சத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பது பேதைமையாகும்.

இனி, அடிபடும் பெண்ணின் விஷயம். "அது புருஷன் பெண்சாதி விவகாரம்" என்று ஒதுங்குவது நம்மவர் வழக்கம். சட்டம் அப்படி ஒதுங்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் கொடாமல் வதைப்பதும் கொடுமையே. அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. பாதுகாப்பு அதிகாரியின் உதவியுடன் மாஜிஸ்டிரேட்டிடம் உத்தரவு பெறலாம்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி ஒரு டெலிபோன் அழைப்புதான். மனக்கலக்கத்துக்கு 14416, 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய இந்தச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தன் கோபத்தைக் கண்டு தானே அஞ்சும் ஆண்மகனும், கை ஓங்குமுன் இதில் பேசுவது நலம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உயிருக்கே உடனடி ஆபத்தென்றால் 112.

நேயர்கள் இந்த நாலு எண்களையும் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் இன்றே எழுதி வைக்க வேண்டுகிறோம். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது அல்லவா? நாலு பேர் ஏதேனும் சொன்னால் சொல்லட்டும். அதைக் கேட்டுக்கொள்ள நம் வீட்டார் அனைவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும், அதுவே முக்கியம்.