உண்ணி எங்கே இறங்கிப் போகிறது?

நாய் வளர்க்கிற வீட்டில் சாயங்காலம் ஒரு வேலை உண்டு. அதைத் திண்ணையில் படுக்க வைத்து, காது மடலைப் புரட்டி உண்ணி பொறுக்குவது. பசு இருக்கிற வீட்டிலும் இதே கதைதான். மடிக்குப் பக்கத்தில், வாலுக்கு அடியில், ஆமணக்கு விதை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "சனியன், ரத்தத்தை உறிஞ்சுது!" என்று பிடுங்கி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். உறிஞ்சுவதோடு போனால் பரவாயில்லையே!

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் தெற்கே டெக்ஸாஸ் பக்கத்து மாடுகளை வடக்கே சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். அந்த மாடுகளுக்கு ஒன்றும் இராது. அவை மேய்ந்து போன புல்வெளியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகளோ, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துக் காய்ச்சல் கண்டு, காப்பி நிறத்தில் சிறுநீர் விட்டுச் செத்து விழும். வந்த மாடு நோயில்லாமல் இருக்க, இருந்த மாடு சாவானேன்? அதுவும் இத்தனை நாள் கழித்து? "எல்லாம் உண்ணியால்தான்" என்றார்கள் மாடு மேய்க்கிறவர்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். (பாட்டி சொன்னால் நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புத்தான்.)

சிரிக்காதவர் மூன்று பேர். டாக்டர் தியோபால்ட் ஸ்மித், கால்நடை மருத்துவர் கில்போர்ன், பிராணிகளின் ஒட்டுண்ணிகளையே ஆராய்ந்துவந்த கூப்பர் கர்ட்டிஸ். 1889 கோடையில் வாஷிங்டன் அருகே வேலி போட்ட வயல்களில் சோதனை தொடங்கியது. ஒரு வயலில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். இன்னொன்றிலும் அப்படியே, ஆனால் தெற்கத்தி மாடுகளின் உண்ணியை ஒன்று விடாமல் கையால் பொறுக்கிவிட்டார்கள். பிறகு ஒரு வயலில் மாட்டுக்குப் பதில் உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். உண்ணி இருந்த இடத்திலெல்லாம் வடக்கத்தி மாடுகளுக்குக் காய்ச்சல். பொறுக்கிய வயலில் ஒன்றுக்கும் இல்லை.

சரி, அந்த ஒரு மாதம்? உண்ணியின் பிறப்பு வளர்ப்பை உட்கார்ந்து கவனித்தவர் கர்ட்டிஸ். மாட்டு உண்ணி குஞ்சிலிருந்தே ஒரே மாட்டின் மேல் இருந்து வளரும். வயிறு நிறைந்ததும் பெண் உண்ணி தரையில் இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அது பொரிய மூன்று, நாலு வாரம் ஆகும். நோய்க்கிருமியோ தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்துவிடுகிறது! ஸ்மித் ஆராய்ச்சிசாலையிலேயே பொரித்த குஞ்சுகளை மாட்டின் மேல் விட்டுப் பார்த்தார். அதற்கும் அதே காய்ச்சல். ரத்தத்தைப் பார்த்தால் சிவப்பணுக்குள்ளே பேரிக்காய் வடிவில் ஜோடி ஜோடியாகக் கிருமி. இன்று அதற்குப் பபேசியா என்று பெயர்.

1893-ல் அறிக்கை வந்தது. ஆசிரியர்களாக ஸ்மித், கில்போர்ன் பெயர் மட்டும்; கர்ட்டிஸ் பெயர் இல்லை. பந்தியில் பெயர் வாங்குகிறவர் ஒருவர், தேங்காய் துருவினவர் வேறொருவர் என்பது நமக்குப் புதிதா என்ன! கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது இதற்கு நாலு வருஷம் கழித்து.

தெற்கத்தி மாடுகள் தப்பியதற்குக் காரணம், கன்றிலேயே இலேசாக நோய் வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தது. நம் ஊரிலும் கலப்பினப் பசுவைத்தான் இந்தக் காய்ச்சல் அதிகம் படுத்தும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும்.

இப்போது நாய்க்கு வருவோம். நாய் உண்ணியின் குணம் வேறு. குஞ்சாக, இளசாக, முழு உண்ணியாக என்று மூன்று முறை நாயின் மேல் ஏறும். ஒவ்வொரு முறையும் இறங்கிச் சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, சாக்கு என்று ஒளியும். முட்டையும் அங்கேதான். அதனால் நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள், வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள்.

நாய் சோற்றைத் தொடாமல் ஈறு வெளுத்துப்போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, பசு சிவப்பாகச் சிறுநீர் விட்டாலோ அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்து மருந்து தருவார். இன்னொன்று, நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். சில மருந்து பூனைக்கு விஷம்.