தொடக்க வகுப்பில் தமிழ் கற்பித்தல்: நடுநாட்டுப் பேச்சும் இலக்கண அறிவும்

முன்னுரை

பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு வகுத்த 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், 27.10.2021 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்னும் நோக்குடன் 2022-23ஆம் கல்வியாண்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடர்ந்தது. குழந்தைகளை வகுப்பால் மட்டும் நோக்காது, அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையால் நோக்கும் அதன் அணுகுமுறை போற்றத்தக்கது. எனினும், ஒரு குழந்தை அரும்பு நிலையிலேயே ஏன் தங்கிவிடுகிறது என்னும் வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி இலக்கணத்திலும் வட்டார வழக்காய்விலும் உள்ளது. அவ்விடையைத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கைக்கருவியாக மாற்றித் தருவது தமிழ்த்துறைகளின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பேச்சுச் சொல்லே முதற்படி

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரக் குழந்தை 'மல்லாட்டை' என அறிந்ததைப் பாடநூல் 'நிலக்கடலை' என்கிறது. 'வூடு' என அது சொல்வதை நூல் 'வீடு' என்கிறது. குழந்தையின் சொல்லைத் தவறெனத் தள்ளும் வகுப்பில் அக்குழந்தை பிழை செய்வதை நிறுத்துவதில்லை; பேசுவதையே நிறுத்திவிடுகிறது. பேசாத குழந்தைக்கு எழுத்தைக் கற்பித்தல் அரிது.

ஆகவே, முதல் வகுப்பின் தொடக்க வாரங்களில் ஆசிரியர் நாள்தோறும் குழந்தைகள் சொல்லும் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் அவர்கள் சொன்னவாறே எழுதுதல் வேண்டும். உழவர் வீட்டுக் குழந்தை 'மல்லாட்டை' என்னும்; மரக்காணத்துக் குழந்தை 'உப்பளம்' என்னும். பொருள் அறிந்த சொல்லாதலின், குழந்தையின் கவனம் முழுவதும் வரிவடிவத்தில் நிலைக்கும். பின்னர் அதனருகே நூல்வழக்குச் சொல்லை எழுதி, "நாம் சொல்வது இது, புத்தகம் சொல்வது இது" என இணைத்துக் காட்டலாம். கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' இப்பணிக்கு ஆசிரியர் மேசையில் இருக்கத்தக்க நூலாகும்.

பிழையில் உள்ள ஒழுங்கு

'காத்து', 'நேத்து' என எழுதும் குழந்தையின் ஏட்டில் சிவப்பு மையால் சுழிப்பது எளிது. ஆயின், நூல்வழக்கின் 'ற்ற்' பேச்சில் 'த்த்' ஆவது ஒழுங்கானதொரு மாற்றம். குழந்தை தான் கேட்ட ஒலியைப் பிழையின்றியே எழுதியுள்ளது. காத்து–காற்று, நேத்து–நேற்று, மாத்து–மாற்று என இணைச்சொற்களை ஒருசேரக் காட்டின், ஒன்றைக் கற்ற குழந்தை பலவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். அதே வேளையில், அத்தை, பத்து, முத்து போன்ற மாறாச் சொற்களையும் உடன் காட்டுதல் இன்றியமையாதது. இல்லையேல் 'முத்து' 'முற்று' ஆகிவிடக்கூடும்.

ஏடு திருத்துகையில், எத்தனை பிழை என எண்ணுவதினும், எவ்வகைப் பிழை என வகைப்படுத்திக் குறித்துக்கொள்வது பயன் மிக்கது. மறுநாட் பாடம் எதுவென அக்குறிப்பே உரைக்கும்.

இலக்கணம் கருவியாதல்

ந, ன, ண மயக்கம் தொடக்க வகுப்புகளில் பெரிதும் காணப்படுவது. தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் மெய்ம்மயக்க விதிகளை விதியாகச் சொல்லாமல் சொற்களாகவே பயிற்றலாம். சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று என்னும் ஆறு சொற்களையும் படத்துடன் சுவரில் ஒட்டிவைத்தால் போதும். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன் என்பது குழந்தையின் கண்ணில் பதிந்துவிடும். அவ்வாறே, தமிழ்ச் சொல்லில் 'ர்' இரட்டிப்பதில்லை. இரட்டிக்கும் இடத்தில் 'ற்ற' மட்டுமே வரும் என்னும் ஒரு குறிப்பு ர, ற மயக்கத்தின் ஒரு பகுதியைப் போக்கும்.

உகர வரிவடிவம் மற்றொரு தடை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றைச் சீராக்கியது. உகர, ஊகார வடிவங்களைத் தொடவில்லை. நெடுங்கணக்கு வரிசையில் கற்பித்தால் மூவகை வடிவங்கள் கலந்து வந்து குழந்தையைக் குழப்பும். அரிதாக வரும் ஙு, ஞு நீங்கலாக எஞ்சிய பதினாறையும் கு, டு, மு, ரு, ழு, ளு எனவும், சு, பு, யு, வு எனவும், ணு, து, நு, லு, று, னு எனவும் மூன்று குழுக்களாக்கி, வாரத்திற்கொரு குழுவாகப் பயிற்றுதல் நன்று.

இடையில் சென்று மீளும் குழந்தைகள்

செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் புலம்பெயர்ந்து, சில திங்கள் கழித்து மீளும் குழந்தைகள் இம்மாவட்டத்தில் உளர். அவருள் இருளர் குழந்தைகளும் அடங்குவர். வகுப்பு அன்று நடத்தும் பாடத்தில் அவர்களை அமர்த்துவது, அவர்களை மீண்டும் வெளியே அனுப்புவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு குழந்தையும் அறிந்த எழுத்துகளையும் சொற்களையும் ஒரே பக்கத்தில் குறித்து வைத்திருப்பின், திரும்பி வந்த நாளிலேயே விட்ட இடத்திலிருந்து தொடங்க இயலும். சூளையில் அக்குழந்தை கண்டவற்றைச் சொல்லச் செய்து, அதனையே முதல் வாசிப்புப் பாடமாக எழுதித் தரலாம்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் முன்னெடுத்த தாய்த்தமிழ்ப் பள்ளி, தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்னும் கொள்கையின் செயல்வடிவம். அத்தாய்மொழிக்குள் குழந்தையின் வீட்டுமொழிக்கும் இடமளிப்பது அதன் அடுத்த படியாகும்.

நிறைவாக

வட்டார வழக்கை ஏற்பின் செந்தமிழ் கெடும் என அஞ்சுவோர் உளர். இங்கு வேண்டப்படுவது வழக்கில் தொடங்கி நூல்வழக்கை எய்துதலேயன்றி வழக்கில் நின்றுவிடுதல் அன்று. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 1938இல் தோன்றிய தமிழ்க் கல்லூரியும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் ஓரூரிலேயே உள்ளன. இத்தகு நிறுவனங்கள் இணைந்து, விழுப்புரம் மாவட்டக் குழந்தைகளின் எழுத்துப் பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தி, அதன்வழிச் சிறியதோர் ஆசிரியர் கையேட்டை உருவாக்கலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தக்க பொருள் அது. மூன்றாம் வகுப்பிற்குள் படிக்கக் கல்லாத குழந்தைக்குப் பின்வரும் பாடம் அனைத்தும் மூடிய நூலே. நாம் பதிப்பித்தும் உரை வகுத்தும் காக்கும் இலக்கியங்களும் அம்மூடிய நூல்களுள் அடங்கும்.